வசவுக்கு மூன்று கிரெடிட்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு யோசனை. ஃபுட்பால் மைதானத்தில் அன்றாடம் நடக்கும் அந்த அர்ச்சனையை முறைப்படி பாடத்திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வசவியல் 101, அறிமுகப் பாடம், மூன்று கிரெடிட். வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் கட்ட வேண்டியிருந்தது. இதற்கு அந்தச் செலவும் இல்லை; நூறு யார்டு புல்தரை தயாராக இருக்கிறது. ஆசிரியரும் தயார். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் ஆளுநர் இல்லை, மருத்துவக் கல்லூரி முதல்வரும் இல்லை; ஃபுட்பால் கோச், விட்டால் கூடைப்பந்து கோச். இவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் சொல்லிக்கொடுப்பது மதிப்பெண் பட்டியலில் வர வேண்டாமா? தாயை இழுத்தல்: ஏ பிளஸ். ஆண்மையைச் சந்தேகித்தல்: ஏ. இனத்தைத் தொடுதல்: கேமரா இல்லாதபோது மட்டும்.

முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவதும், அவனை நாலைந்து பேர் மோதிச் சாய்ப்பதும்தான் அந்த ஊர் ஃபுட்பால். கல்லூரி ஆட்டம்தானே என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் கல்லூரி ஸ்டேடியங்கள் இன்னும் பல உண்டு. அதற்குள் இறங்கும் பையனுக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது. சனிக்கிழமை அவன் மாநிலத்துக்கே செல்லப்பிள்ளை. மற்ற நாட்களில் பயிற்சி மைதானத்தில் அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் செல்லாது. கோச் வாயில் வருவதுதான் பெயர்.

சில வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு கேள்வி கிளம்பும்: பயிற்சியின்போது கோச் கெட்ட வார்த்தை பேசலாமா? உடனே நாடு இரண்டு கட்சியாகும். ஒரு கட்சி, ‘பிள்ளைகள் காதில் இதெல்லாம் விழலாமா’ என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இன்னொரு கட்சி, ‘இதென்ன பஜனை மடமா, ஃபுட்பால் ஐயா ஃபுட்பால்’ என்று மீசையை முறுக்கும். இரண்டு கட்சிக்கும் இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சொல்லைப் பற்றியே பேசிப் பொழுதைப் போக்கிவிடலாம். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், கேட்டவன் அதையே திருப்பிச் சொன்னால் அவன் கதி என்ன ஆகும் என்கிற பக்கமே போக வேண்டியதில்லை.

கெட்ட வார்த்தையோடு எனக்குப் பகை ஏதும் இல்லை. காலில் இரும்பு விழுந்தால் யாரும் தேவாரம் பாடமாட்டார்கள். பந்து நழுவியதும் வாய் தவறி ஒன்று வந்தால் அது காற்றோடு போகும். நழுவவிட்ட பையனைக் கூப்பிட்டு, எழுபது எண்பது பேர் பார்க்க, அவன் ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்து, அவன் யாருக்குப் பிறந்தான் என்று விசாரணை நடத்துவது வேறு சங்கதி. முதலாவது வாயிலிருந்து வருகிறது. இரண்டாவது நாற்காலியிலிருந்து வருகிறது.

வசவுக் கட்சியின் முதல் வாதம், ஆவேசம். ‘ஆட்டத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு வெறி. அந்த நேரத்தில் வாய் அவர் வசத்தில் இருக்காது.’ கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. சாமி வந்து ஆடுகிறவரிடம் யார் கணக்குக் கேட்பது? ஆனால் இந்தச் சாமி எங்கே வருகிறது, எங்கே வர மறுக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஆள் சேர்க்கும் பருவத்தில் அதே கோச் பையன் வீடு தேடி வருவார். பல்கலைக்கழகச் சின்னம் போட்ட டி-ஷர்ட்டில் இஸ்திரி கலைந்திருக்காது. சோபா நுனியில் அடக்கமாக உட்காருவார். சாப்பாட்டுக்கு முன் தலைகுனிந்து குடும்பத்தோடு ஜெபத்தில் சேர்ந்துகொள்வார். அம்மா பொரித்த கோழியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். சுவரில் தொங்கும் பாட்டி படத்தைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்வார். கிளம்பும்போது, ‘மேடம், கவலையே படாதீர்கள். இவன் இனிமேல் என் பிள்ளை’ என்பார். அந்த இரண்டு மணி நேரத்தில் கெட்ட வார்த்தை ஒன்று? அரை? மூச். பையன் கையெழுத்துப் போட்டு, ஆகஸ்ட் வெயிலில் மைதானத்துக்கு வந்த முதல் வாரமே அந்த வாய் அதே அம்மாவை வேறு விதமாக விசாரிக்கும். சோபாவில் அடங்கிக் கிடந்த சாமி புல்லைக் கண்டதும் இறங்கிவிடுகிறது.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாருங்கள். நடுவரையோ எதிரணியையோ ஆபாசமாகப் பேசினால் 15 யார்டு அபராதம் என்று விதி இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை அப்படிப் பிடிபட்டால் மைதானத்தை விட்டே வெளியே போக வேண்டும். அன்றைக்கு நடுவரிடம் பேசும்போது நம் கோச்சின் நாக்குக்கு எப்படியோ நரம்பு முளைத்துவிடுகிறது. 15 யார்டின் மதிப்பு அவருக்குத் தெரியும். ஸ்டேடியத்துக்குத் தன் பெயரை வைக்கச் சொல்லிக் காசோலை நீட்டும் எண்ணெய்க் கம்பெனி முதலாளி, ‘நாலாவது வாய்ப்பில் பந்தை ஏன் உதைத்தீர்கள்?’ என்று அசட்டுத்தனமாகக் கேட்கும்போது இன்னும் அற்புதம். கோச் சிரிப்பார். ‘நல்ல கேள்வி சார்’ என்பார். வாய் வசத்தில் இல்லாதவரா இவர்? ஆள் பார்த்து, இடம் பார்த்து, விலை பார்த்து வரும் ஆவேசத்தை நம் ஊரில் வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அந்த நாட்டுச் சட்டத்துக்கு இந்தச் சொற்களின் மேல் பெரிய அக்கறை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வானொலியில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் ஏழு கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொன்ன வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1978-ல் தீர்ப்பு வந்தது. குழந்தைகள் கேட்கக்கூடிய நேரத்தில் அத்தகைய பேச்சை ஒலிபரப்ப விடாமல் அரசு தடுக்கலாம் என்றார்கள். இன்றைக்கும் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆக, மாலை நாலு மணிக்கு ஒரு பையன் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தால் அவன் காதைக் காக்க உச்ச நீதிமன்றமே வரும். அதே நாலு மணிக்கு அவன் பயிற்சிக்குப் போனால் அந்தக் காது கல்லூரிக்குச் சொந்தம்.

திட்டியதற்காக ஊரே கொதித்த சம்பவமும் உண்டு. நெப்ராஸ்காவில் போ பெலினி என்று ஒரு கோச். 2011-ல் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக அவர் அணி 21 புள்ளி பின்தங்கியிருந்தது. ரசிகர்கள் பலர் எழுந்து போய்விட்டார்கள். அணி எப்படியோ மீண்டு வந்து ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும், ஓடிப்போன ரசிகர்களைக் கோச் வண்டை வண்டையாகத் திட்டினார். அந்த ஒலிப்பதிவு 2013-ல் வெளியே கசிந்தது. மாநிலமே மூக்கைப் பொத்திக்கொண்டது. மன்னிப்பு, வருத்தம், அறிக்கை எல்லாம் வரிசையாக வந்தன. நியாயத்தைப் பாருங்கள்: டிக்கெட் வாங்கியவனைத் திட்டினால் அவமரியாதை. எவன் உடம்பைக் காட்டி அந்த டிக்கெட்டை விற்கிறார்களோ, அவனைத் திட்டினால் ஊக்கம்.

இரண்டாவது வாதம், கெட்டிப்படுத்துவது. அடியாத மாடு படியாது என்பது டெக்ஸாஸிலும் வேதவாக்குத்தான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் புராணம் 1954-ல் நடந்தது. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் புதிதாக வந்த கோச் பேர் பிரையன்ட், பையன்களை ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் முகாம் போட்டார். ஊரெல்லாம் வறட்சி, நெருப்பாய் வெயில், முள்ளும் கல்லுமான தரை. பயிற்சியின்போது தண்ணீர் கிடையாது. தாகம் என்பது கோழைகளுக்கு வருவது என்று நம்பிய காலம். ஒருவன் வெயில் தாக்கிச் செத்துப் பிழைத்தான். பலர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனார்கள். மிஞ்சியவர்கள் வீரத்திருமகன்கள் ஆனார்கள். பின்னாளில் அதைப் பற்றிப் புத்தகம் வந்தது, படமும் வந்தது.

அந்தப் பருவத்தில் அந்த வீரத்திருமகன்கள் ஆடிய ஆட்டம் பத்து. ஜெயித்தது ஒன்று. தோற்றது ஒன்பது.

1956-ல் அதே கல்லூரி தோல்வியே காணவில்லையே என்று பக்தர்கள் சொல்வார்கள். உண்மைதான். இடையில் தண்ணீர் கொடுத்திருந்தால் தோற்றிருப்பார்களா என்று கேளுங்கள்; பக்தர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

எதிர்ப்பக்கம் சாட்சி இல்லாமல் இல்லை. கூடைப்பந்தில் ஜான் வுடன் என்று ஒரு மகான் இருந்தார். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பத்து தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். அவர் அணியில் கெட்ட வார்த்தைக்கு இடமே கிடையாது என்பது விதி. 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள் அவர் பயிற்சியின் ஓரமாக உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் எழுதி வகைப்படுத்தினார்கள். பதிவானவை 2,326. அவற்றில் முக்கால் பங்கு வெறும் தகவல்: கையை எங்கே வை, காலை எப்படித் திருப்பு, பந்தை எப்போது விடு. புகழ்ச்சி நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்த வருடமும் பட்டம் அவருக்கே. ஃபுட்பாலில்தான் வேண்டும் என்றால், பெலினி பின்னாளில் உட்கார்ந்த அதே நெப்ராஸ்கா நாற்காலியில் 25 பருவம் உட்கார்ந்திருந்த டாம் ஆஸ்பர்ன் இருக்கிறார். 255 வெற்றி, மூன்று தேசியப் பட்டம். அவர் கோபத்தின் உச்சம் நம்மூர் ‘அடச்சீ’ அளவைத் தாண்டாது.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், வாய் நாறும் கோச்சுகளும் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். வாய் சுத்தமானவர்களும் பல்லைக் காட்டித் தோற்றிருக்கிறார்கள். ஆக, ஜெயிப்பதற்கு வசவு தேவை என்றும் சொல்ல முடியாது, தடை என்றும் சொல்ல முடியாது. தேவையே இல்லாத ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக ஏன் விடாமல் செய்கிறார்கள்? செய்யலாம் என்பதால். கேட்பார் இல்லை என்பதால். பையன் போக இடம் இல்லை என்பதால்.

இடம் இல்லாமல் செய்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1973-ல் ஸ்காலர்ஷிப்பை வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பதாக மாற்றினார்கள். புதுப்பிக்கலாமா வேண்டாமா என்பதில் கோச் வைத்ததுதான் சட்டம். பல வருட ஸ்காலர்ஷிப்பை மறுபடியும் அனுமதித்தது 2012-ல்தான். கோச்சின் வாய் பொறுக்காமல் வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால், போன இடத்தில் ஒரு வருடம் ஆடாமல் சும்மா உட்கார வேண்டும். 2021 வரைக்கும் ஃபுட்பாலில் அதுதான் விதி. கோச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. அதிகச் சம்பளம் எங்கேயோ அங்கே அடுத்த வாரமே போகலாம். துரத்தப்பட்டாலும் நஷ்டம் இல்லை. 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்ப டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் ஏற்றுக்கொண்ட தொகை 7.6 கோடி டாலருக்கு மேல். வேலை செய்ய வேண்டாம் என்பதற்குக் கூலி.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் 2014-ல் சங்கம் வைக்கப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலாளர்கள்தான் என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி சொன்னார். ஓட்டெடுப்பும் நடந்தது. மறுவருடம், இந்த விவகாரத்தில் நாங்கள் தலையிடப்போவதில்லை என்று வாரியம் கையை விரித்துவிட்டது. பெட்டியில் விழுந்த ஓட்டுகளை யாரும் எண்ணவே இல்லை. உலகின் மிகப் பழைய ஜனநாயகங்களில் ஒன்று, வாழ்க.

இப்போது கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பையன்கள் கல்லூரி மாறலாம், விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர். கதவு திறந்ததும் வசவுக் கட்சி ஒப்பாரி வைக்கிறது: ‘முன்போலக் கண்டிக்க முடியவில்லை, ஒரு வார்த்தை சொன்னால் பையன் பெட்டியைக் கட்டிவிடுகிறான்.’ இதைவிட நல்ல வாக்குமூலம் எனக்குக் கிடைக்காது. அத்தனை காலமும் அவன் உங்கள் வசவைப் பாடமாக எடுத்துக்கொண்டு நிற்கவில்லை. கதவு பூட்டியிருந்ததால் நின்றான். இன்னும் சிலர் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். ‘இப்போதுதான் சம்பளம் வாங்குகிறானே, இனி தாராளமாகத் திட்டலாம்’ என்கிறார்கள். காசு கொடுக்காதபோது பிள்ளை என்று திட்டினார்கள். காசு கொடுக்கும்போது ஆள் என்று திட்டுவார்களாம்.

மூன்றாவது வாதம் அன்பு. ‘அவர் திட்டுவது பாசத்தில். அவர் திட்டாவிட்டால் நான் இன்றைக்கு இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டேன்’ என்று பழைய வீரர்கள் தொலைக்காட்சியில் கண்கலங்குவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கவனியுங்கள். நிலைத்தவர். பாதியில் போனவனை, முட்டி போனவனை, ராத்திரியில் அறைக்குள் அழுதுவிட்டு ஊருக்கு பஸ் ஏறியவனை எந்த சேனலும் கூப்பிடுவதில்லை. ‘அவர் யாரிடமும் வித்தியாசம் பார்ப்பதில்லை, எல்லாரையும் ஒரே மாதிரிதான் திட்டுவார்’ என்று அதற்கொரு துணைப் பாட்டு வேறு. பெரிய அணிகளில் கறுப்பின வீரர்கள் பெரும் பங்கு. தலைமைக் கோச்சுகளில் மிகப் பெரும்பான்மை வெள்ளையர்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் 2020-ல் பழைய கறுப்பின வீரர்கள் வரிசையாக வாய் திறந்தார்கள். தங்கள் நடை, உடை, பேச்சு எல்லாவற்றையும் இழிவுபடுத்தினார்கள் என்றார்கள். உடற்பயிற்சிக் கோச் அதை மறுத்தார். மறுத்தவர் 11 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு கிளம்பினார். 2011-ல் அவர் பொறுப்பில் நடந்த பயிற்சிக்குப் பிறகு 13 வீரர்கள் தசை சிதைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். அதற்குப் பின்னும் ஒன்பது வருடம் அவர் அதே வேலையில் இருந்தார்.

தண்டனையே கிடையாதா? உண்டு, கேமரா இருந்தால். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் மைக் ரைஸ், பயிற்சியில் மாணவர்கள்மேல் பந்தை விட்டெறிந்து, பிடித்துத் தள்ளி, தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் வசவுகளால் அர்ச்சித்த வீடியோவை நிர்வாகம் 2012-லேயே பார்த்துவிட்டது. பார்த்து, ஆழ்ந்து சிந்தித்து, மூன்று ஆட்டம் இடைநீக்கமும் 50,000 டாலர் அபராதமும் போதும் என்று முடிவு செய்தது. 2013 ஏப்ரல் 2-ம் தேதி அதே வீடியோ இ.எஸ்.பி.என்.னில் வந்தது. 3-ம் தேதி ஆள் வேலையில் இல்லை. ஒரே வீடியோ, ஒரே வசவு. நடுவில் மாறியது பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும். ஒஹையோ ஸ்டேட்டின் ஃபுட்பால் கோச் வூடி ஹேய்ஸ் கதையும் அப்படித்தான். 28 பருவம் அவருடைய முன்கோபத்தை ஊர் ரசித்துக் கதை கதையாகச் சொன்னது. 1978 டிசம்பரில், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, எதிரணிப் பையன் ஒருவனைக் குத்தினார். மறுநாள் வேலை போனது. இன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் வீரர்கள் பயிற்சி எடுக்கும் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

சிரித்தது போதும். இனி மேரிலாந்துக்குப் போவோம்.

2018 மே 29. ஜோர்டன் மெக்நேர், வயது 19, மேரிலாந்து பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன், கிட்டத்தட்ட 150 கிலோ உடம்பு. அன்றைய பயிற்சி, 110 யார்டு ஓட்டம், பத்து முறை. கடைசி ஓட்டத்தில் அவனால் நிற்கவே முடியவில்லை. இரண்டு பக்கமும் சக வீரர்கள் தாங்கிப் பிடிக்க, இழுபட்டுக்கொண்டு முடித்தான். அவனை மைதானத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போகச் சொல்லி வசவோடு ஒரு குரல் எழுந்தது என்று பின்னால் செய்திகள் வந்தன. உடல் வெப்பம் 106 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டது. ஓட்டத்தில் வெயில் தாக்கிச் சரிகிறவனை உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஏறக்குறைய எல்லாருமே பிழைத்துக்கொள்வார்கள் என்பது அத்துறையில் பால பாடம். கோடிகளில் புரளும் அந்த மைதானத்தில் அவனை யாரும் தொட்டியில் இறக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. ஜூன் 13-ம் தேதி அவன் இறந்தான்.

இறந்தது வெயிலால், வசவால் இல்லை என்று வசவுக் கட்சி உடனே எழுந்து நிற்கும். உட்காருங்கள். ‘முடியவில்லை’ என்று சொல்கிறவனுக்கு அந்த மைதானத்தில் என்ன பெயர் வைத்திருந்தார்கள்? நின்றவன், மூச்சு வாங்கியவன், மயங்கியவன் ஒவ்வொருவனையும் எந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள்? எடை கூடிய ஒரு வீரரை, மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே சாக்லெட் தின்னச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்று செய்தி வந்ததே, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் என்ன பாடம் படித்தார்கள்? உடம்பு சொல்வதை வெளியே சொல்லாதே என்று படித்தார்கள். தினமும் கேட்ட வசவு அவன் வாயை அடைத்தது. தினமும் சொன்ன வசவு, சொன்னவர்களின் காதை அடைத்தது. ஒரு பையனின் கால் பின்னும்போது சோம்பேறித்தனத்தை மட்டுமே பார்க்கும் கண்ணை எந்த மருத்துவக் கல்லூரியும் தருவதில்லை, வசவியல்தான் தருகிறது. வெயில் யாரையும் கொல்லலாம். கொல்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அதற்குப் பின் நடந்தது அதைவிடக் கேவலம். ஆணையம் போட்டார்கள். பக்கம் பக்கமாக அறிக்கை வந்தது. அணியில் ‘நச்சுச் சூழல்’ இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் வீரர்கள் பலர் வாய் திறக்கப் பயந்ததால் பிரச்சினைகள் புரையோடிப்போயின என்றது அறிக்கை. புரிகிறதா? நஞ்சு இல்லை, ஆனால் புரையோடியது. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதக் குழு போட்டு யோசித்திருக்கிறார்கள். அக்டோபர் 30-ம் தேதி பல்கலைக்கழக ஆட்சிக் குழு, தலைமைக் கோச் டி.ஜே. டர்கின் வேலையில் தொடரட்டும் என்றது. ஊர் கொதித்தது. மறுநாள், ஆட்சிக் குழுவின் பேச்சை மீறிப் பல்கலைக்கழகத் தலைவர் அவரை நீக்கினார். நீக்கியதற்கு 55 லட்சம் டாலர் தர வேண்டியிருந்தது. உடற்பயிற்சிக் கோச் அதற்கு முன்பே மூன்று லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகனைக் கொடுத்த குடும்பத்துக்கு 2021-ல் 35 லட்சம் டாலர். கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளையைப் பறிகொடுத்ததைவிட வேலையைப் பறிகொடுத்ததற்கு விலை அதிகம். டர்கின் பிறகு சும்மா இருக்கவில்லை. மிசிசிப்பி, டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், ஆபர்ன் என்று வேலை தேடி வந்துகொண்டே இருந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, கோச் கெட்ட வார்த்தை பேசலாமா கூடாதா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். நடத்தட்டும். நான் தடை கேட்கவில்லை. தடை போட்டால் ‘அன்பே, கண்மணியே’ என்று கூப்பிட்டுக்கொண்டே பத்து முறை ஓடவிடுவார்கள். கோச்சின் ஒப்பந்தத்தில் இரண்டே இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறேன். பல கோடி டாலருக்கு எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரிக்கு இடம் இருக்காதா?

ஒன்று: பயிற்சி முழுவதையும் ஒலியோடு பதிவு செய்து, சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன், ஸ்டேடியத்தின் ராட்சசத் திரையில் போட வேண்டும். சோபாவில் உட்காரவைத்துக் கோழி பரிமாறிய அம்மாக்களுக்கு முதல் வரிசை. நன்கொடையாளர்களுக்கு அதற்குப் பக்கத்து வரிசை. பாடம்தானே நடத்துகிறீர்கள்? பெற்றோர் பார்க்கட்டும்.

இரண்டு: கோச் எந்தச் சொல்லை வீரனிடம் சொல்கிறாரோ அதே சொல்லை, அதே குரலில், முகத்துக்கு அதே இரண்டு அங்குல தூரத்தில் நின்று, வீரன் கோச்சிடம் திருப்பிச் சொல்லலாம். அதற்காக அவனை ஓடவிடக் கூடாது, பெஞ்சில் உட்காரவைக்கக் கூடாது, ஸ்காலர்ஷிப்பில் கை வைக்கக் கூடாது. ஆவேசம் என்றால் அவனுக்கும் ஆவேசம். அன்பு என்றால் அவனும் கொஞ்சம் அன்பு காட்டட்டும். வசவு ஆளைக் கெட்டிப்படுத்தும் என்றால், ஐம்பது வயதுக் கோச்சும் கொஞ்சம் கெட்டிப்படட்டுமே.

இந்த இரண்டு வரிக்குக் கீழே கையெழுத்துப் போடத் துணிந்த கோச், அதன்பின் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்ளட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. துணியாத மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று: வாயை மூடுங்கள், ஐஸ் தொட்டியை நிரப்புங்கள்.